நிறவெறி பேசலாம், சாதி பேசக்கூடாது: விழுப்புரம், திண்டிவனம் வகுப்பறைகளில் அடிமை வரலாறு



"அடிமை முறை பத்திப் பேசுங்க, நிறவெறி பத்திப் பேசுங்க. சாதி மட்டும் வேணாம். பசங்களுக்குள்ள பிரச்சினை ஆயிடும்." விழுப்புரம் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு அனுமதி கேட்டுப் போனபோது எங்களிடம் இப்படித்தான் சொன்னார்கள். நாங்கள் மறுக்கவில்லை. உலக அடிமை வரலாறு என்றே தலைப்புக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். அன்று தொடங்கி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாணவர்களோடு பல அமர்வுகள் உட்கார்ந்திருக்கிறோம். அவற்றில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததையும் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

அமர்வைப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் கைப்பேசிக்குள் போய்விடுவார்கள். அதனால் அவர்களுடைய கைப்பேசியிலிருந்தே தொடங்கினோம். 'ஜாங்கோ அன்செயின்ட்' பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் கைகள் உயரும். முழுப் படம் பார்க்காதவர்களும் யூடியூபில் தமிழில் கதை சொல்லும் காணொளியைப் பார்த்திருப்பார்கள். '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். 'பிளாக் பாந்தர்' எல்லோருக்கும் தெரியும். சவுக்கு, சங்கிலி, பருத்திக் காடு, ஏலம் என்று அடிமை முறையின் அடையாளங்களை வரிசையாகச் சொல்வார்கள். பிறகு நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "நம்ம ஊர்ல அடிமை முறை இருந்துதா?"

பெரும்பாலும் வரும் பதில், "இல்லை" என்பதுதான். "வெள்ளைக்காரனுக்கு நாம எல்லாருமே அடிமையாத்தான இருந்தோம்" என்று ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்த "எல்லாரும்" என்ற சொல்லை உடைப்பதுதான் எங்கள் வேலை.

முதலில் கடலிலிருந்து தொடங்கலாம். '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' உண்மைக் கதை. நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராக வாழ்ந்த சாலமன் நார்த்தப் 1841இல் வாஷிங்டனில் ஏமாற்றிக் கடத்தப்பட்டு, லூசியானா பண்ணைகளில் விற்கப்பட்டு, 1853இல்தான் மீண்டார். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். அப்போது இன்னொரு செய்தியைச் சொல்வோம். அதற்கும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பு, 1743இல், நம் புதுச்சேரியில் ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் பிடித்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றியதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ பேருந்தில் ஏறினால் புதுச்சேரி ஒரு மணி நேரம். சனிக்கிழமை மாணவர்கள் சுற்றிப்பார்க்கப் போகும் அதே கடற்கரை.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து ரெயூனியன், மொரீசியஸ் தீவுகளுக்கு அடிமைகளைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு முன்பே டச்சுக்காரர்கள் இதைச் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காடு முதலான சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் தமிழர்கள் அடிமைகளாகப் போனார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது ஆயிரக்கணக்கானோர் விற்கப்பட்டார்கள். ஆங்கிலேயர்களும் விலக்கல்ல. 1680களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து அடிமைகள் ஏற்றுமதி ஆனார்கள். அந்தக் காலத்தில் மதராஸின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பெயரில்தான் இன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது.

கப்பல் கதை கேட்கும்போது மாணவர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எல்லோருக்கும் எளிது. குற்றவாளி அயலான், கெட்டவன் கடல் தாண்டிப் போய்விட்டான். அடுத்து வருவது நிலத்தின் கதை. அதில் குற்றவாளி ஊரிலேயே இருக்கிறார்.

1819இல் மதராஸ் வருவாய் வாரியம் தன் மாவட்ட ஆட்சியர்களிடம், உங்கள் மாவட்டத்தில் அடிமைகள் உண்டா, எந்தச் சாதியார், எப்படி விற்கப்படுகிறார்கள் என்று அறிக்கை கேட்டது. தென்னாற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் என்று தமிழ் மாவட்டங்களிலிருந்து போன பதில்களில் பறையர்களும் பள்ளர்களும் நில உடைமையாளர்களுக்குக் கட்டுப்பட்ட உழவு அடிமைகளாக இருந்தது பதிவானது. பரம்பரையாக வந்த அடிமை ஒரு வகை, கடனுக்காகத் தன்னை எழுதிக்கொடுத்தவர் இன்னொரு வகை. அடிமை ஓலை என்ற சொல்லே நம் மொழியில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விற்கப்பட்டவர்களும் பஞ்சத்தில் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்கு, அதாவது நமக்குப் பொருந்தாது என்று விலக்கியும் வைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 1843இல் ஐந்தாவது சட்டம் வந்தது. அது அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான். அதற்கு முந்தின ஆண்டே, 1859இல், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறையில் தள்ளும் ஒப்பந்த மீறல் சட்டமும் வந்துவிட்டது. ஒரு கையால் அவிழ்த்துவிட்டு மறு கையால் கட்டினார்கள்.

தென்னாற்காட்டில் இந்தக் கட்டுக்குப் பெயர் படியாள். படியில் நெல் அளந்து கூலி கொடுப்பதால் வந்த பெயர் என்பார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஆண்டையிடம் கடன் வாங்கினால் அது தீராது. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். ஆண்டை என்ற சொல்லை வகுப்பில் எழுதிப்போட்டால் சில முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். அமெரிக்கப் படத்தில் அடிமை "மாஸ்டர்" என்று அழைப்பதற்கு நம் ஊர் மொழிபெயர்ப்பு அதுதான். நம் ஆயாக்கள் இன்னும் மறக்காத சொல்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. ஆரம்பத்தில் நாங்கள், "உங்க தாத்தா காலத்துல யாராவது படியாளா இருந்தாங்களா, சொல்லுங்க" என்று கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. அமர்வு முடிந்ததும் ஒரு தம்பி வெளியே வந்து சொன்னார்: "தோழர், எங்க தாத்தா படியாளா இருந்தவருதான். அதை கிளாஸ்ல சொன்னா நாளைக்கு அதையே சொல்லிக் கூப்புடுவானுங்க. நீங்க கெளம்பிடுவீங்க, நான் மூணு வருஷம் இங்கதான இருக்கணும்." சமூகவியல் படித்த எங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரையே மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். அடிமைப்படுத்தியவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினோம். இப்போது எல்லோரிடமும் கேட்பது இதுதான்: "உங்க ஊர்ல யாருக்கு நிலம் இருந்தது? அந்த நிலத்த யாரு உழுதாங்க? அவங்களுக்கு என்ன கூலி? அவங்க எந்தப் பக்கம் குடியிருந்தாங்க?" இந்தக் கேள்விக்கு நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் பதில் தேட வேண்டும். ஒரு மாணவி வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்து, "எங்க வூட்டுல மூணு பேரு படியாளுங்களாம், அவங்க பேருகூட எங்க தாத்தாவுக்கு முழுசாத் தெரியல" என்றார். நாங்கள் நடத்திய எந்தப் பாடமும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது. அடிமை வரலாறு அடிமைகளின் வரலாறு மட்டுமல்ல, ஆண்டைகளின் வரலாறும்தான். அமெரிக்காவில் வெள்ளை மாணவர்கள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.

பாட்டுக்கு வருவோம். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது ஆடாத கல்லூரி விழா கிடையாது. பாடலை எழுதிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அது பிறந்ததாகச் சொன்னார். ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டி எப்படி இலங்கை போனார், ஏன் திரும்பினார் என்று தெரியும்? உலகத்தில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரீசியஸ், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால், 1848இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்த பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று தமிழ்நாட்டுக் கூலிகள் கப்பலேறினார்கள். நேட்டாலுக்குப் போனவர்களில் வட, தென் ஆற்காட்டு மக்கள் நிறையப் பேர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் அழைத்துப் போனார்கள். ஊரில் படியாளாக இருந்தவர் அங்கே கூலி ஆனார்.

சுதந்திர இலங்கை 1948இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பாட்டை மறுபடி ஓடவிட்டு இதைச் சொன்னால் மாணவர்கள் ஆடுவதில்லை, கேட்கிறார்கள். 'பரதேசி' படத்தையும் பி.எச்.டேனியலின் 'எரியும் பனிக்காடு' நாவலையும் அப்போதுதான் அறிமுகப்படுத்துவோம்.

அடுத்தது ஒரு சொல். 'பிளாக் பாந்தர்' என்றால் மாணவர்களுக்கு 2018இல் வந்த மார்வெல் படம். சிறுத்தை என்றால் விழுப்புரம், திண்டிவனம் சுவர்களில் அவர்கள் பிறந்ததிலிருந்து பார்க்கும் கட்சிப் பெயர். இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதையைக் காட்டினால் கண்கள் விரிகின்றன. 1966இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். 1972இல் நாம்தேவ் தசாலும் தோழர்களும் பம்பாயில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு தலித் பாந்தர்ஸ் தொடங்கினார்கள். 1980களில் மலைச்சாமி அதை மதுரைக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு தொல்.திருமாவளவன் தலைமையில் அது விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. ஆக, ஓக்லாந்திலிருந்து திண்டிவனத்துச் சுவர் வரை ஒரே சொல் நடந்து வந்திருக்கிறது.

நடை அதற்கும் முந்தியது. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கவிருந்த மனுவின் படியைக் கேட்டார். டுபாய்ஸும் பதில் எழுதினார். நம் முன்னோர்கள் படம் பார்த்துக் கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை, கடிதம் எழுதினார்கள், அமைப்பு கட்டினார்கள்.

அடிமை முறை ஒழிந்த பிறகு என்ன ஆனது என்பதைப் படங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அமெரிக்காவின் 13ஆவது திருத்தம் 1865இல் அடிமை முறையை ஒழித்தது, குற்றத்துக்கான தண்டனையைத் தவிர என்ற விதிவிலக்கோடு. தெற்கு மாநிலங்கள் அந்த ஓட்டைக்குள் புகுந்தன. வேலையில்லாமல் திரிந்தான் என்று கறுப்பினத்தவரைப் பிடித்து, கைதிகளாகப் பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். ஏவா டுவெர்னேயின் '13த்' ஆவணப்படம் இந்தத் தொடர்ச்சியைக் காட்டுகிறது. அதன் பக்கத்தில் 'ஜெய் பீம்' படத்தை வைப்போம். நம்மிடம் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்தது, 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. சட்டம் போன பிறகும் அந்தப் பார்வை காவல் நிலையங்களில் தங்கிவிட்டது. எங்கே திருட்டு நடந்தாலும் இருளர் குடிசைக்கு ஜீப் வரும். படத்தின் மூல வழக்கு 1993இல் அப்போதைய தென்னாற்காட்டின் கம்மாபுரத்தில் நடந்தது. உண்மையில் கொல்லப்பட்டவர் இருளர் அல்லர் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்கிறோம், படம் எதை மாற்றுகிறது என்று பார்க்கவும் பழக வேண்டும் அல்லவா.

இன்னொன்றையும் சொல்கிறோம். இந்த வகைப் படங்கள் பலவற்றில் ஒரு மீட்பர் வருவார். ஜாங்கோவுக்கு ஒரு ஜெர்மானியர், இருளருக்கு ஒரு வழக்கறிஞர். வழக்கறிஞர் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியோடு சேர்ந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர்கள், புகார் கொடுக்க நடந்தே வந்த இருளர் பெண்கள், சாதிச் சான்றிதழுக்கு மனுவோடு அலைந்தவர்கள் திரையில் பின்னணியில்தான் நிற்பார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவர்களை மீட்க 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்றும் தேவைப்படுகிறது. அடிமை முறை முழுதாக முடிந்துபோன கதை இல்லை.

நிலத்துக்கு வருவோம். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பறித்துப் பழைய பண்ணையார்களுக்கே கொடுத்தார். நம் கதையில், திண்டிவனத்துக்கு வடக்கே எல்லை தாண்டினால் செங்கல்பட்டு. அங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தமாக இருப்பதையும், எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்தே துரத்தப்படுவதையும் 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் பஞ்சமருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2019இல் 'அசுரன்' வந்தபோது ஊரே பஞ்சமி நிலம் பற்றிப் பேசியது. சில வாரங்கள் பேசியது, பிறகு அடுத்த படம் வந்துவிட்டது.

இப்படி ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். சாதியும் இனமும் ஒன்றல்ல. மதராஸ் பிராமணருக்கும் மதராஸ் பறையருக்கும் இன வேறுபாடு எதுவும் இல்லை என்று அம்பேத்கர் 1936இலேயே 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் வாதிட்டார். சாதி நிறத்தில் தெரியாது. அதனால்தான் நம் ஊரில் முதல் கேள்வி "எந்த ஊரு?", அடுத்த கேள்வி "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வருகிறது. அடிமையையும் தீண்டப்படாதவரையும் ஒப்பிட்ட அம்பேத்கர், அடிமை சொத்து என்பதால் அவன் உயிரோடிருப்பதில் முதலாளிக்கு அக்கறை உண்டு, தீண்டப்படாதவர் விஷயத்தில் அந்தப் பொறுப்பும் இல்லை என்றார். நம் மக்கள் இரண்டையும் சேர்த்துச் சுமந்தார்கள். ஆய்வாளர் ரூபா விஸ்வநாத், நிலத்தையும் உழைப்பையும் பற்றிய இந்தப் பிரச்சினையை ஆட்சியாளர்கள் எப்படி வெறும் மதப் பிரச்சினையாக மாற்றிக் காட்டினார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார்.

எங்களையும் நாங்கள் சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'பிளாக் பாந்தர்' பார்த்துக் கைதட்டிய அதே மாணவர்கள், அதில் நம் பிள்ளைகளும் உண்டு, ஆப்பிரிக்கர்களைப் பற்றிக் கேலி பேசிச் சிரித்தார்கள். கறுப்பை வைத்து நகைச்சுவை செய்யும் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். முகப்பூச்சுக் கம்பெனி 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது, களிம்பை எடுக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே நாம் நிறவெறி இல்லாதவர் ஆகிவிட மாட்டோம். இதை வகுப்பில் பேசாமல் கறுப்பின மக்களோடு தோழமை என்று சொன்னால் அது வெறும் சுவரொட்டி.

கடைசியாக ஒன்று. 2020 மே மாதம் மின்னியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது எங்கள் மாணவர்களில் பலர் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் விழுப்புரத்திலேயே படிக்கும் ஒரு வகுப்பில், "1978 ஜூலையில் இந்த ஊரில் என்ன நடந்தது?" என்று கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் பேருந்து ஏறி இறங்கும் இந்த நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதற்கு வெற்றிப்படம் இல்லை, பாட்டு இல்லை, பாடநூலில் ஒரு பத்தி இல்லை. அமர்வு முடிந்து போகும்போது ஒரு மாணவர், "பன்னெண்டு பேரு பேரும் எங்க கெடைக்கும் தோழர்?" என்று கேட்டார். அவரோடு சேர்ந்து தேடத் தொடங்கியிருக்கிறோம்.

தோழர்களே, இந்த வேலையை உங்கள் கல்லூரியிலும் செய்யலாம். அரங்கம் வேண்டாம், மரத்தடி போதும். ஒரு படத்தையோ பாட்டையோ எடுங்கள். அதிலிருந்து ஒரு கேள்வியை உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் ஆயா இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள்: யார் நிலம், என்ன கூலி, யாரை என்ன சொல்லி அழைத்தீர்கள். அவர் அனுமதித்தால் பதிவு செய்யுங்கள், அனுமதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். காலனிப் பிள்ளையை எழுப்பி நிற்கவைத்துக் கதை கேட்காதீர்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

சாதி வேண்டாம், நிறவெறி மட்டும் பேசுங்கள் என்று சொன்ன கல்லூரி எங்களை மறுபடி அழைக்கவில்லை. அங்கே படிக்கும் மாணவர்கள் அழைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிக்கு வெளியே. போகிறோம்.